மூச்சு வாங்கிய மூன்று நாள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கிறீர்கள். வந்ததிலிருந்து உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "பிள்ளை கண்ணெதிர்ல மூச்சுத் திணறி விழுந்தா முதல்ல என்ன செய்யணும் மேடம்?" உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் அதற்குப் பதில் இருக்கிறது. நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் முதல் தடவை என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கத்தினேன்.

முப்பத்தோரு வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். நுரையீரலைப் பார்க்காமல் கரும்பலகையில் வரைவேன். வீடு சிதம்பரம். தினமும் ரயிலில் வந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, பண்ருட்டி பஸ்ஸைப் பிடித்து, வழியில் இருக்கும் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேருவேன். கடைசி சில வருடங்கள், பாடத்தோடு சேர்த்துப் பிள்ளைகளின் மனக்கவலைகளைக் கேட்கும் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ். மனித உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்ற நினைப்பு அப்போது எனக்கு இருந்தது.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு திங்கட்கிழமை காலை அந்த நினைப்பு போனது.

பிரேயர் நடந்துகொண்டிருந்தது. அறுநூறு பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். பத்தாம் வகுப்பு வரிசையில் ஒரு பிள்ளை முன்னும் பின்னுமாக ஆடினாள். பிறகு மடங்கி விழுந்தாள். செலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றியிருக்கிறேன், இதைச் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். படிப்பில் முதல் ஐந்து பேருக்குள் வருபவள். ஒரு புகாரும் இல்லாதவள். கிட்டே போனால், மீனைக் கரையில் போட்டதுபோல வாய் திறந்து திறந்து மூடுகிறது. இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் குவிந்து இறுகிவிட்டன. நான் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"தண்ணி கொண்டாங்க! நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க! ஐயோ, சீக்கிரம்!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கையில் இருந்த வருகைப் பதிவேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். இன்னும் நான்கு ஆசிரியைகள் ஓடினார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள்ளேயே வந்தது. அறுநூறு ஜோடிக் கண்கள் எல்லாவற்றையும் பார்த்தன. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பயப்படுவது எப்படி என்று அறுநூறு பேருக்கு ஒரே நேரத்தில் பாடம் நடத்தியிருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் செலினுக்கு எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். எதிலும் குறை இல்லை. ஒரு மணி நேரத்தில் கை பிரிந்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் நிம்மதியாக ரயிலேறினேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் பத்தாம் வகுப்பில் இரண்டு பேர் விழுந்தார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் போகும்போது, பார்த்துக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளில் ஐந்து பேர். பிறகு எட்டாம் வகுப்பில் மூன்று பேர். எல்லோருக்கும் அதே மூச்சு, அதே மடங்கிய கை. தலைமையாசிரியை கடலூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மூத்தவள் நான்தான் பொறுப்பில்.

பள்ளிக்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்றார்கள் சிலர். கழிவறைக்குப் பின்னால் இருக்கும் வேப்பமரத்தடியில் யாரோ நின்றதைச் செலின் பார்த்துவிட்டாள், அது அவளைப் பிடித்து, அவளிடமிருந்து மற்றவர்களுக்குத் தாவுகிறது என்றார்கள் வேறு சிலர். செல்போன் வழியாக அரை மணி நேரத்தில் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. கேட்டில் கூட்டம். ஒரு தகப்பனார் கம்பியை உலுக்குகிறார்.

அந்த நேரத்தில்தான் என் இரண்டாவது தவற்றைச் செய்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, மெலிந்த உடம்பு, பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாள். எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. குனிந்து, "போதும் நடிச்சது, எழுந்திரு!" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே, கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

பத்துப் பிள்ளைகளையும் இரண்டு ஆம்புலன்ஸிலும் ஒரு வேனிலுமாக ஏற்றிக்கொண்டு மறுபடியும் பெரியாஸ்பத்திரி. அவசரப் பிரிவில் அன்று பணியில் இருந்த சிஸ்டரின் பெயரை நான் கேட்கவே இல்லை. பிறகு தேடிப் போனபோது வேறு ஊருக்கு மாறிவிட்டார் என்றார்கள். ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், ரப்பர் செருப்பு. பத்துப் பிள்ளைகள் ஒன்றாக உள்ளே வருகிறார்கள், பின்னால் அழுதுகொண்டு பெற்றோர் வருகிறார்கள், அவரிடம் ஒரு அவசரமும் இல்லை. நடையில் கொஞ்சம்கூட வேகம் கூடவில்லை.

"ஒவ்வொருத்தியும் தனித்தனி கட்டில். நடுவுல தெர போடு. கூட வந்தவங்க எல்லாம் வெளிய போங்க. அழறவங்க மொதல்ல போங்க."

டாக்டர் வந்து ஒவ்வொருத்தியையும் சோதித்தார். ஆஸ்துமா இருக்கிறதா, சர்க்கரை இறங்கியிருக்கிறதா, காலையில் என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள், எல்லாம் கேட்டார். அவர் போன பிறகு சிஸ்டர் கட்டில் கட்டிலாகப் போய் உட்கார்ந்தார். "உள்ள இழுக்காத கண்ணு. போதும் இழுத்தது. வெளிய வுடு. மெழுகுவத்திய ஊதற மாதிரி, அது அணையவும் கூடாது, அந்த மாதிரி மெதுவா ஊது." அவ்வளவுதான். நான்கைந்து நிமிடத்தில் அந்தத் திரைக்குப் பின்னால் சத்தம் அடங்கும். அடுத்த திரைக்குப் போவார். இருபத்தொன்பது வருடமாகச் சுவாச மண்டலம் நடத்திக்கொண்டிருந்த நான், அவர் திரை திரையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இழுத்த மூச்சைப் பற்றித்தான் அதுவரை யோசித்திருக்கிறேன். வெளியே விடுவதற்குள் இப்படி ஒரு சக்தி இருப்பது எனக்குத் தெரியாது.

பத்தாவது பிள்ளை அடங்கியதும் என்னிடம் வந்தார். "டீச்சர், நீங்க ஒக்காருங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடியை எண்ணினார்.

"பத்துப் புள்ளைங்களோடதயும் பாத்துட்டேன். உங்களுக்குத்தான் எல்லாத்தையும்வுட ஜாஸ்தியா அடிக்குது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நேத்து வந்துச்சே ஒரு பொண்ணு, அத கூட்டிக்கினு நீங்க ஓடி வந்ததயும் பாத்தேன். நீங்க ஓடுனா அதுங்க மனசு ஓடும். நீங்க நடந்தா நடக்கும்."

"நடிக்கிறாங்களோன்னுகூட எனக்குத் தோணிச்சு சிஸ்டர்."

அவர் என் கையை விட்டார். "விரல் இறுகிக்கிச்சே, அத யாராலயும் நடிக்க முடியாது. வேணும்னா நீங்க செஞ்சு பாருங்க. வேகவேகமா மூச்சு வாங்குனா ரத்தத்துல கரியமில வாயு கொறஞ்சிடுது, கை இழுத்துக்குது. பயம் உண்மை, வலி உண்மை. ஒடம்புல வேற கோளாறு இல்ல, அவ்வளவுதான். அதக்கூட டாக்டர் பாத்து சொன்னப்புறம்தான் சொல்லணும். நாம்பளா சொல்லக் கூடாது."

யோசித்துப் பாருங்கள். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கிருமி இல்லாமல், பார்த்த மாத்திரத்தில் ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து இன்னொரு பிள்ளையின் உடம்புக்குப் பயம் போகிறது. நெல் வயலில் ஒரு மூலையில் அடித்த காற்று மறு மூலைவரை போவதைப்போல. அதே வழியாக நிதானமும் போகும் என்று அந்தச் சிஸ்டர் எனக்குக் காட்டினார்.

அன்று சாயங்காலம் நான் ரயிலுக்குப் போகவில்லை. செலின் வீட்டுக்குப் போனேன். மேல்பட்டாம்பாக்கத்தில், மாதா படம் மாட்டிய சின்ன ஓட்டு வீடு. அக்கம்பக்கத்தில் நான்கு பேர் வாசலில் நின்று, பிள்ளையை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப் போவது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். செலின் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஊரே அவளால்தான் என்று பேசுவது அவள் காதில் விழுந்திருக்கிறது.

அவளுடைய அப்பா அருளப்பன் சர்க்கரை ஆலை ஒன்றில், கரும்பு லாரிகளை எடைபோடும் மேடையில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேசாதவர். மூத்த பெண் பன்னிரண்டாம் வகுப்பில் தவறிவிட்டாள். பிறகு எவ்வளவு சொல்லியும் மறுபடி எழுதவில்லை. அந்த வீட்டில் அடி இல்லை, திட்டு இல்லை, குடி இல்லை. பின்னே என்னதான் என்று எனக்குப் பிடிபடவில்லை.

செலினின் அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னார். "அவுரு நைட் ஷிப்ட் முடிச்சி வெடிகாலையில அஞ்சு மணிக்கு வருவாரு டீச்சர். வந்தா தூங்க மாட்டாரு. அது படிக்கும், இவுரு அது எதுர்ல ஒக்காந்திருப்பாரு. ஏழு மணி வரைக்கும் அப்பிடியே பாத்துகினு இருப்பாரு. பெரியவ விஷயத்துல கவனிக்காம வுட்டுட்டோம்னு அவுருக்கு ஒரு இது."

"நான் ஒண்ணும் சொல்றதில்லயே டீச்சர்" என்றார் அருளப்பன். "படின்னுகூட சொல்ல மாட்டேன். பேசாமத்தான் ஒக்காந்திருக்கேன்."

"அதான் தப்பு" என்றேன் நான், களைப்பில். "நீங்க கண்ணாலயே அவ கழுத்தப் புடிக்கிறீங்க. இனிமே அவ படிக்கிற பக்கமே போவாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இது என் மூன்றாவது தவறு. அதன் பலன் பிறகு தெரிந்தது, அதற்கு வருகிறேன். கிளம்பும்போது செலினிடம், "ஒரு வாரம் ரெஸ்ட் எடு, ஸ்கூலுக்கு வர வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதையும் இரக்கம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே கேட்டில் நூறு பேர். தலைமையாசிரியை என்னைத் தனியே அழைத்து, "ரெண்டு நாள் லீவு வுட்டுடலாமா? நீங்க சொல்லுங்க" என்றார். லீவு விட்டால் அன்றைய தலைவலி தீரும். ஆனால் பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்று நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். லீவு விடாமல் ஒரு பிள்ளைக்கு நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால்? டாக்டர் எல்லோரையும் சோதித்து அனுப்பியிருக்கிறார் என்பது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். "திறப்போம் மேடம். பிரேயர் மட்டும் வகுப்புலயே நடக்கட்டும்" என்றேன்.

கேட்டில் இருந்தவர்களிடம் தொட்டியில் ஒன்றுமில்லை என்று வாதாடவில்லை. அவர்களில் அதிகமாகச் சத்தம் போட்ட மூன்று தாய்மார்களை உள்ளே கூப்பிட்டு ஏணியைக் காட்டினேன். ஒருத்தர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். மேலே நின்று மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"தண்ணி சுத்தமாத்தான் இருக்குது! அடி தெரியுது!" என்று அங்கிருந்தே கேட்டுக்குக் குரல் கொடுத்தார். "மூடிதான் ஒடஞ்சிருக்கு, அத மாத்துங்க டீச்சர்!" அன்றே மாற்றினோம். கூட்டத்தில் பாதி கலைந்தது.

பதினொரு மணிக்கு ஆசிரியர் அறைக்கு ஒரு பிள்ளை ஓடி வந்தாள். "மிஸ், கௌசல்யாவுக்கு வந்துடுச்சு!"

ஆசிரியர் அறையிலிருந்து பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுக்குப் போக ஒரே தாழ்வாரம். வழியில் ஆறு வகுப்பறைகள். எல்லா ஜன்னலிலும் முகங்கள் வந்துவிட்டன. எழுந்ததும் என் கால் ஓடத்தான் பார்த்தது. அடக்கினேன். நடந்தேன். ஒரு ஜன்னலில், "உன் ரிப்பன் அவுந்திருக்கு பாரு" என்று ஒருத்தியிடம் சொன்னேன். இன்னொரு வகுப்பில் கணக்கு டீச்சரிடம், மதியம் பேப்பர் கட்டு தருகிறேன் என்றேன். உள்ளே என் நெஞ்சு தறிபோல அடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், டீச்சர் கதை பேசிக்கொண்டு நடந்து வந்தார் என்று ஊர் என்னைப் பேசும். அதுவும் தெரிந்தே நடந்தேன். என் வாழ்க்கையில் நான் நடந்த மிக நீளமான தூரம் அதுதான்.

வகுப்பறை வாசலை அடைந்தேன். வகுப்பில் இருந்த இளம் தமிழாசிரியை கரும்பலகையோடு ஒட்டி நின்றிருந்தார். நாற்பது பிள்ளைகளும் மூன்றாவது பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கௌசல்யா வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். பக்கத்தில், அவள் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டுக்கொண்டு, வர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டு வந்த செலின்.

"செத்துடுவேன்டி" என்றாள் கௌசல்யா.

"சாவ மாட்ட. எனக்கும் அப்பிடித்தான் தோணுச்சு. மண்டே அன்னிக்கு நான் செத்தே போயிட்டேன்னு நெனச்சேன். இதோ ஒக்காந்திருக்கேன் பாரு."

"கை இழுக்குது..."

"இழுக்கட்டும். தானா பிரியும். நீ ஊது. மெழுகுவத்திய ஊதற மாதிரி. அணைச்சிடாத. மெதுவா."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அந்தச் சிஸ்டர் அவளுக்குச் சொன்னது. அவள் ஊதினாள், கௌசல்யா ஊதினாள். பின் பெஞ்சில் யாரோ ஒருத்தி ஊதினாள். ஏற்கெனவே முகம் வெளுத்துப் போயிருந்த இன்னும் இரண்டு பேர் ஊதினார்கள். சற்று நேரத்தில் நாற்பது பிள்ளைகளும் மெல்ல மூச்சை விட்டுக்கொண்டிருந்தார்கள். சவுக்குத் தோப்புக்குள் கடல்காற்று நுழைவதுபோல ஒரு சத்தம். அதைத் தவிர வகுப்பில் வேறு சத்தமே இல்லை.

நடுவில் செலின் நிமிர்ந்து, வகுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "என்ன யாரும் புடிக்கல. மரத்தாண்ட யாரையும் நான் பாக்கல. எனக்குப் பரிச்சைன்னா பயம். ரொம்ப நாளா பயம். அதான் வுழுந்தேன். வேற ஒண்ணுமில்ல."

பதினைந்து வயது. ஊர் முழுக்க அவளைப் பேய் பிடித்தவள் என்று பேசிக்கொண்டிருக்கிற நாளில், அந்த வகுப்பின் நடுவே உட்கார்ந்து, எனக்குப் பயம் என்று சொல்கிறாள். நானோ ஐம்பத்தாறு வயதுவரை அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை.

நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவளை மெச்ச வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குள் துடித்தது. அடக்கிக்கொண்டேன். நான் கை தட்டியிருந்தால் அது ஒரு நிகழ்ச்சியாகியிருக்கும். கௌசல்யாவின் விரல்கள் பிரிந்ததும் தமிழாசிரியையைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் விட்ட செய்யுளைத் தொடர்ந்தார்.

மதியம் செலினிடம், "நான் வரவேணாம்னுதானே சொன்னேன்?" என்று கேட்டேன்.

"ஆமா மிஸ். ஆனா இன்னிக்கு வராம இருந்தா நாளைக்கும் வர முடியாதுன்னு தோணுச்சு" என்றாள். பயந்த இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும் என்பதற்கு, பிறகு நான் படித்த பெரிய பெரிய புத்தகங்களில் தனி அத்தியாயமே இருக்கக் கண்டேன்.

அடுத்த நாள் ஒருத்திக்கு லேசாக வந்தது. அதற்கடுத்த நாள் யாருக்கும் இல்லை. முடிந்தது என்று நாங்கள் அறிவிக்கவில்லை. விழுந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டுப் பேச எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. ஒவ்வொருத்தியிடமும் ஏதோ ஒன்று இருந்தது. ஒருத்தி காலையில் சாப்பிடுவதே இல்லை. ஒருத்தியின் அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் மூன்று மாதமாகப் போன் வரவில்லை. நான் 'போதும் நடிச்சது' என்று சொன்ன அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "பரவால்ல மிஸ். நான் நடிக்கிறனோன்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு." அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் கொடுத்திருக்க முடியாது. தன் வலியையே நம்ப முடியாதபடி ஒரு பிள்ளையை ஆக்குவதற்கு நம்முடைய ஒரு வாக்கியம் போதும். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செலின் விஷயம் அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து நின்றாள். "அப்பா என் மூஞ்சியே பாக்கறதில்ல மிஸ். ஷிப்ட் முடிஞ்சா டீக்கடையிலயே ஒக்காந்துக்கறாரு. நான் ஸ்கூலுக்குக் கெளம்புனப்புறம்தான் வூட்டுக்கு வர்றாராம். நான் பண்ணதுல அவுருக்குக் கோவம் போல."

நான் சொன்னதை அந்த மனிதர் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். படிக்கிற பக்கமே போகக் கூடாது என்றால் போகக் கூடாது. எதிரில் இருந்த அப்பா பாரமாக இருந்தார். காணாமல் போன அப்பா அதைவிடப் பாரமாகிவிட்டார். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு, தூக்கம் சொக்கும் கண்ணோடு மணிக்கணக்காக டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தது என் வாய்க்கொழுப்பால்.

எனக்கு எட்டாத இடம் இது என்று தெரிந்துகொண்டேன். சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அப்பாவையும் மகளையும் அழைத்துப் போனேன். ஒரு சனிக்கிழமை. அருளப்பனுக்கு அந்தக் கதவின் மேலிருந்த பலகையைப் பார்த்ததும் கால் நகரவில்லை. "நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். உள்ளே பெஞ்சில், அவர்களுடைய மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் உட்காரும் ஒருவர், வளர்ந்த மகனோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு தகப்பன்மார்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்வையை விலக்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்த மனிதர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, "வாங்க அருளப்பா, நிக்காதீங்க" என்றார். ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். உங்கள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, செலினைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா எங்க உக்காந்தா உனக்கு நல்லாருக்கும்?"

நான் கேட்கவில்லை, அவள் அம்மா கேட்கவில்லை, அப்பா கேட்கவில்லை. அவர் எங்கே உட்காரக் கூடாது என்று மட்டும் நான் தீர்ப்பு எழுதியிருந்தேன். செலின் யோசிக்கவே இல்லை. பதில் பல மாதமாக அவளிடம் தயாராக இருந்திருக்கிறது.

"பக்கத்துல. எதுர்ல வேணாம். என்னைப் பாக்காம அவுரு எதுனா வேலை செய்யணும். நான் பாட்டுக்குப் படிப்பேன்."

அருளப்பன் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். "என்னா வேலைம்மா செய்யட்டும்?" என்று கேட்டார். ஆலையில் மேலாளரிடம் கேட்பதுபோல அவ்வளவு மரியாதையாக, தன் மகளிடம்.

டாக்டர் இன்னும் சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். நான்கைந்து முறை வரச் சொன்னார். போனார்கள். செலினுக்கு அதன் பிறகும் இரண்டு தடவை வந்தது. பொதுத் தேர்வில் அவள் முதல் மாணவியாக வரவில்லை. நல்ல மதிப்பெண்தான், அவ்வளவுதான். இப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பயம் முழுசாகப் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். அவள் அதை அந்தக் கணக்கில் பார்ப்பதில்லை.

பொதுத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவளுடைய ஹால் டிக்கெட்டில் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. திருத்தப் படிவத்தில் அன்றே அப்பாவின் கையெழுத்து வேண்டும். முந்தின நாள் கடலூரில் தங்கை வீட்டில் தங்கியிருந்ததால், காலை ஆறரைக்கெல்லாம் மேல்பட்டாம்பாக்கம் போய் இறங்கிவிட்டேன்.

கதவு திறந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தேன். சுவரில் சாய்ந்து செலின் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சமூக அறிவியல் புத்தகம். அதே சுவரில், அவளுக்குப் பக்கத்தில், ஆலைச் சட்டையைக்கூட மாற்றாமல் அருளப்பன். முன்னால் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயம். உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வேலை வரவில்லை. தோலோடு பாதி வெங்காயம் போய்க்கொண்டிருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிய, புறங்கையால் துடைத்துத் துடைத்து உரித்தார். மகள் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

செலின் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் தடுமாறி நின்றாள். அவர் கையும் நின்றது.

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "வெங்காயத்த உரிப்பா."

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். அவள் அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

நான் குரல் கொடுக்கவில்லை. செருப்பைச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன். கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, அந்த முறத்து வெங்காயம் தீரட்டும் என்று காத்திருந்தேன்.